வானத்திலிருந்து வருகிறவர்கள்: வேற்றுக்கிரகப் படையெடுப்புப் படங்களைப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

போன பள்ளிக்கூட விடுமுறையில் அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் கொக்குவிலில் எங்கள் வீட்டில்தான் நின்றார்கள். சனிக்கிழமை இரவுகளில் ஒரு படம் என்று ஏற்பாடு. முதல் சனி, 1996இல் வந்த ‘இன்டிபென்டன்ஸ் டே’ போட்டேன். மூத்த மருமகனுக்குப் பதின்மூன்று வயது. கதிரையின் நுனியில் இருந்தபடி கண்வெட்டாமல் பார்த்தான். அடுத்த சனி 1953இல் வந்த ‘த வோர் ஒஃப் த வேர்ல்ட்ஸ்’. இருபது நிமிடம் போகவில்லை, திரும்பிக் கேட்டான்: “மாமா, ரெண்டும் ஒரே கதைதானே? உது ஏன் இப்பிடி ஆறுதலாப் போகுது?”

நல்ல கேள்வி. இரண்டும் ஒரே கதைதான். வேற்றுக்கிரகத்தவர் பூமிக்குப் படையெடுத்து வரும் படங்கள் எத்தனையோ வந்துவிட்டன. அநேகமானவற்றின் எலும்புக்கூடு ஒன்றுதான். முதலில் வானத்தில் ஏதோ தெரிகிறது. என்னவென்று யாருக்கும் விளங்கவில்லை. பிறகு அது தாக்கத் தொடங்குகிறது. எங்களிடம் உள்ள எந்த ஆயுதமும் அதனிடம் எடுபடவில்லை. எல்லாம் முடிந்தது என்று இருக்கும் நேரத்தில், வந்தவர்களிடம் ஒரு பலவீனம் இருப்பது தெரியவருகிறது. இவ்வளவுதான் கதை. அப்படியிருந்தும் ஒரு படம் விசிலடிக்க வைக்கிறது, இன்னொரு படம் இரண்டு நாளைக்கு மனதைக் குடைகிறது.

ஏன் என்று கேட்டால், பழைய படம், புதிய படம் என்று பிரிப்பார்கள் சிலர். காசு கொட்டி எடுத்தது, சிக்கனமாக எடுத்தது என்று பிரிப்பவர்களும் உண்டு. அது அவ்வளவாக உதவாது. 1953 படம் அந்தக் காலத்தில் நல்ல செலவோடு வண்ணத்தில் எடுத்த படம். சிறப்புக் காட்சிகளுக்கு ஒஸ்கார் விருதும் வாங்கியது. அன்றைக்குத் தியேட்டருக்குப் போனவர்கள் அதையும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்திருப்பார்கள். நான் மருமகனுக்குச் சொன்னது வேறு: கமரா எங்கே நிற்கிறது என்று பார். சில படங்களில் அது போர்க்கட்டளை அறையிலும் விமானி இருக்கையிலும் ஜனாதிபதியின் மேசைக்குப் பக்கத்திலும் நிற்கும். திருப்பி அடிக்கக்கூடியவர்களோடு நிற்கும். வேறு சில படங்களில் அது முற்றத்திலும் குசினியிலும் தெருக்கரையிலும், ஒன்றும் செய்ய ஏலாதவர்களோடு நிற்கும். முதல் வகைப் படம் ‘எப்படி வெல்லப்போகிறோம்’ என்று கேட்கிறது. இரண்டாவது வகை, ‘வந்தவர்கள் யார், அவர்களுக்கு முன்னால் நாங்கள் யார்’ என்று கேட்கிறது. முதல் வகையை இப்போது பிளொக்பஸ்டர் என்கிறோம், இரண்டாவதை அநேகமாகக் கிளாசிக் வரிசையில் வைக்கிறோம். பெயர்களைவிட, கமராவின் இடம்தான் எனக்கு முக்கியம்.

இப்படியொரு கதையை எங்கள் தீவு சினிமாவுக்கு முன்னமே ஒருமுறை சொல்லியிருக்கிறது. 1505இல் போர்த்துக்கேயர் கொழும்புத் துறையில் வந்து இறங்கியதை, கோட்டே அரசனுக்கு ஆட்கள் ஓடிப்போய்ச் சொன்ன விதம் ‘ராஜாவலிய’ என்ற சிங்கள வரலாற்று நூலில் இருக்கிறது. வந்தவர்கள் வெள்ளைத் தோலும் அழகும் உள்ளவர்கள், இரும்புச் சட்டையும் இரும்புத் தொப்பியும் போட்டிருக்கிறார்கள், ஓரிடத்தில் நில்லாமல் அங்குமிங்கும் நடக்கிறார்கள், கல்லைத் தின்கிறார்கள், இரத்தம் குடிக்கிறார்கள், அவர்களுடைய பீரங்கிச் சத்தம் இடியைவிடப் பெரிது. கல் என்று அவர்கள் கண்டது பாண், இரத்தம் என்று கண்டது வைன். வேற்றுக்கிரகப் படம் ஒன்றின் முதல் பத்து நிமிடம் அப்படியே இதுதான்: கண் பார்க்கிறது, பார்த்ததற்குச் சொல் இல்லை, தெரிந்த சொல்லை எடுத்துத் தெரியாத பொருளுக்கு மாட்டுகிறார்கள். 1619இல் அதே ஆட்கள் யாழ்ப்பாண இராச்சியத்தையும் பிடித்தார்கள். அவர்கள் தொடங்கி ஒல்லாந்தர் திருப்பிக் கட்டிய கோட்டை இன்றைக்கும் பண்ணைக் கடலோரம் நிற்கிறது. அந்தக் கோட்டைக்குக் கிட்ட இருந்த ரீகல் தியேட்டரில்தான் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தார் ஆங்கிலப் படம் பார்த்தார்கள்.

இந்த வகைக் கதைக்கு மூலவர் என்று சொல்லத்தக்கவர் எச்.ஜி. வெல்ஸ். ‘த வோர் ஒஃப் த வேர்ல்ட்ஸ்’ 1897இல் ஒரு சஞ்சிகையில் தொடராக வந்து, 1898இல் நூலானது. செவ்வாய்க் கிரகத்தார் லண்டனுக்குத் தென்மேற்கே வோக்கிங் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு பொட்டல் வெளியில் விழுகிறார்கள். மூன்று கால் இயந்திரத்தில் ஏறிக்கொண்டு வெப்பக் கதிராலும் கரும்புகையாலும் ஊர் ஊராக அழிக்கிறார்கள். வெல்ஸின் அண்ணன் ஃபிராங்க் ஒருநாள் நடந்து போகும்போது சொன்ன யோசனைதான் கதைக்கு வித்து. நூலையும் அண்ணனுக்கே சமர்ப்பித்தார். ஆனால் அதை இன்றுவரை வாழவைப்பது முதல் அத்தியாயத்தில் வரும் ஒரு சங்கதி. செவ்வாய்க்காரரைக் கொடியவர்கள் என்று சொல்வதற்கு முன் நாங்கள் செய்ததை நினைத்துப் பாருங்கள் என்று சொல்லி, ஐரோப்பியக் குடியேற்றக்காரர் டஸ்மேனியாவின் பழங்குடிகளை ஐம்பது ஆண்டுக்குள் அழித்த கதையை எடுத்து வைக்கிறார். உலகத்தின் பெரிய சாம்ராச்சியத்தின் தலைநகருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அதன் வாசகர்களிடமே கேட்கிறார்: உங்களுக்கு மேலே இன்னொருத்தன் இப்படி வந்து இறங்கினால்? அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் பிரித்தானியர் ஆட்சி நூறு ஆண்டைத் தாண்டியிருந்தது.

வெல்ஸ் தன் கதைசொல்லியைத் தளபதியாக வைக்கவில்லை. அவன் எழுதிப் பிழைக்கிற ஒரு சாதாரண மனிதன். மனைவியைப் பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டு, ஒளிந்தும் ஓடியும் திரிகிறான். சினிமா பிறந்து சில ஆண்டுகளே ஆன காலத்தில், கமராவைத் தெருவில் இறக்கி வைத்த எழுத்து அது.

1938 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, ஓர்சன் வெல்ஸ் என்ற இருபத்துமூன்று வயது இளைஞர் அதே கதையை அமெரிக்க வானொலியில் நாடகமாகப் போட்டார். இடத்தை நியூ ஜேர்சிக்கு மாற்றி, முதல் பாதியைச் செய்தி அறிக்கை போலவே அமைத்தார்கள். நாடே கிலி பிடித்து ஓடியது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதியது மிகைப்படுத்தல் என்று இப்போது சொல்கிறார்கள். ஆனாலும் நம்பிப் பயந்தவர்கள் இருந்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிக்கு மின்சாரம் எடுத்து, காதைப் பொத்திப் பிடித்து பிபிசி தமிழோசை கேட்ட ஊர்க்காரருக்கு அவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றாது. வேறு வழியில்லாதபோது செய்தி வாசிக்கிற குரல்தான் உலகம்.

கிளாசிக் என்று நாங்கள் இன்று சொல்லும் படங்களில் பெரும்பகுதி 1950களின் அமெரிக்காவில் வந்தவை. அதற்குக் காரணம் உண்டு. 1947 ஜூனில் கெனத் ஆர்னல்ட் என்ற விமானி, வானத்தில் ஒன்பது பொருட்கள் வேகமாகப் பறந்ததைக் கண்டதாகச் சொன்னார். ‘பறக்கும் தட்டு’ என்ற பேச்சு அதிலிருந்துதான் கிளம்பியது. 1949இல் சோவியத் ஒன்றியம் அணுகுண்டைப் பரிசோதித்தது. அடுத்த ஆண்டு கொரியாவில் போர். மேலே பார்த்தால் பயம், பக்கத்து வீட்டைப் பார்த்தாலும் பயம் என்ற காலம். படங்களும் இந்த இரண்டு பயத்தையும் எடுத்துக்கொண்டன.

மேலே பார்க்கும் பயத்துக்கு 1953 படமே நல்ல உதாரணம். கதையைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று கால் இயந்திரத்தை அன்றைய வசதியில் செய்து காட்டுவது கஷ்டம் என்பதால், அந்தரத்தில் மிதக்கும் தட்டையான கலம் ஒன்று செய்தார்கள். அதன் முதுகிலிருந்து ஒரு கழுத்து எழும்பும், நாகபாம்பு படமெடுத்து நிற்பது போல. நுனியில் ஒரு சிவப்புக் கண். அந்தக் கண் மெல்லத் திரும்பி யாரைப் பார்க்கிறது என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மருமகன் ‘ஆறுதலா’ என்று சொன்னது இதைத்தான். அந்தக் கலத்தை வடிவமைத்த கலை இயக்குநர் அல்பேர்ட் நொசாக்கி ஜப்பானில் பிறந்தவர். அந்த ஒரே காரணத்துக்காக இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசு அவரை மான்சனார் என்ற முகாமில் அடைத்து வைத்திருந்தது. இதை அறிந்த பிறகு அந்தச் சிவப்புக் கண்ணை என்னால் முன்போலப் பார்க்க முடியவில்லை.

முதல் சாவு வருகிற காட்சியைச் சொல்ல வேண்டும். விண்கல் என்று நினைத்த பொருளுக்கு இரவுக் காவலாக மூன்று பேரை நிறுத்திவிட்டு ஊர் நடனத்துக்குப் போய்விடுகிறது. மூடி திறந்து கழுத்து எழும்புகிறது. மூன்று பேரும் பதுங்கி இருந்து ஆலோசிக்கிறார்கள். வந்தவர்கள் நல்ல எண்ணத்தோடும் வந்திருக்கலாமே? ஒரு வெள்ளைத் துணியைத் தடியில் கட்டிக்கொண்டு, என்ன சொல்வது என்று யோசித்து, ‘கலிபோர்னியாவுக்கு உங்களை வரவேற்கிறோம்’ என்று சொல்லலாம் என்று முடிவெடுத்து நடக்கிறார்கள். கண் அவர்களைப் பார்க்கிறது. பிறகு தரையில் மூன்று சாம்பல் அடையாளங்கள். வெல்ஸின் நூலிலும் முதலில் சாகிறவர்கள் வெள்ளைக்கொடியோடு போனவர்கள்தான்.

பக்கத்து வீட்டுப் பயத்துக்கு 1956இல் வந்த ‘இன்வேஷன் ஒஃப் த பொடி ஸ்னாச்சர்ஸ்’. இதில் கப்பலும் இல்லை, கதிரும் இல்லை. கலிபோர்னியாவில் ஒரு சின்ன ஊர். வைத்தியரிடம் ஒரு பெண், தன் மாமா தன் மாமா இல்லை என்கிறாள். மாமா வெளியே புல் வெட்டிக்கொண்டிருக்கிறார். முகம் அதே முகம், குரல் அதே குரல், பழைய நினைவுகள்கூடப் பிசகாமல் இருக்கின்றன. ஆனால் என்னைப் பார்க்கும்போது கண்ணில் வருகிற அந்த ஒன்று இல்லை என்கிறாள். வானத்திலிருந்து வந்த விதைகள் பெரிய நெற்றுகளாகி, தூங்குகிறவர்களின் அச்சில் புதிய ஆட்களை வளர்த்தெடுக்கின்றன. தூங்கினால் போச்சு. இது கம்யூனிசப் பயத்தைச் சொல்கிறது என்பார்கள் சிலர். கம்யூனிஸ்ட் வேட்டையாடிய அரசியல்வாதிகளைத்தான் சொல்கிறது என்பார்கள் மற்றவர்கள். இரண்டுக்கும் படத்தில் இடமிருக்கிறது. யாரோடு என்ன கதைக்கலாம், யார் முன்னால் வாயை மூடவேண்டும் என்று கணக்குப் பார்த்துப் பழகிய ஒரு காலத்தைக் கடந்த ஊர்க்காரருக்கு, இந்தப் படத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது. எண்பது நிமிடப் படம். இந்த வகையில் எனக்கு ஆகப் பிடித்ததும் இதுதான்.

1951இல் வந்த ‘த டே த ஏர்த் ஸ்டூட் ஸ்டில்’ படையெடுப்பே இல்லை, எச்சரிக்கை. கிளாட்டு என்ற தூதர் வாஷிங்டனில் இறங்கி, பரிசுப் பொருள் ஒன்றை வெளியே எடுக்கிறார். ஆயுதம் என்று நினைத்து ஒரு சிப்பாய் சுட்டுவிடுகிறான். யார் யாருக்குப் பயப்பட வேண்டும் என்ற கேள்வி முதல் சில நிமிடங்களிலேயே தலைகீழாகிறது.

இனிப் பிளொக்பஸ்டர். அந்தச் சொல் முதலில் சினிமாச் சொல்லே அல்ல. இரண்டாம் உலகப் போரில் ஒரு தெருத்தொகுதியையே தகர்க்கக்கூடிய பெரிய விமானக் குண்டுகளுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் அது. பிறகுதான் ஊரே திரண்டு பார்க்கும் படத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது. ‘இன்டிபென்டன்ஸ் டே’ பார்த்தால் இரண்டு அர்த்தமும் ஒன்றாகப் பொருந்தும். ரோலண்ட் எமரிக் இயக்கிய படம். ஏறத்தாழ 7 கோடி 50 இலட்சம் டொலர் செலவில் எடுத்து, உலகம் முழுவதும் 80 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. அதில் நகரங்களுக்கு மேல் வந்து நிற்கும் கலம் ஒவ்வொன்றும் 24 கிலோமீற்றர் அகலம். இதை இப்படி யோசித்துப் பாருங்கள்: அப்படி ஒரு கலம் சுன்னாகத்துக்கு மேலே வந்து நின்றால், காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் பஸ் நிலையம் வரைக்கும் ஒரே நிழல். வெயிலில் காயப்போட்ட மிளகாய்க்கும் நிழல், நல்லூர்க் கோபுரத்துக்கும் நிழல். இந்தப் பிரமாண்டத்தைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து காட்டுவது சின்ன வேலை இல்லை. வெள்ளை மாளிகை வெடிக்கும் காட்சிக்கு ஒரு மாதிரிக் கட்டடத்தைச் செய்து உண்மையாகவே வெடிக்க வைத்து, பல வேகக் கமராக்களால் பிடித்தார்கள். முப்பது ஆண்டு கழிந்தும் அந்தத் தீயில் ஒரு கனம் இருக்கிறது. அந்த மூன்று நாள் கதையை ஜூலை 2, 3, 4 என்று பிரித்துச் சொல்கிற வேகமும், எல்லாரும் எல்லாருக்கும் தோள் கொடுக்கிற கடைசிப் பகுதியும் மனதுக்குச் சந்தோஷம் தருகின்றன. அந்தச் சந்தோஷம் உண்மையானது. அதை மட்டமாக நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது 90களின் கடைசியில். கரண்ட் சீராக இல்லாத காலம். ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஒழுங்கையில் உள்ளவர்கள் காசு சேர்த்து, ஒரு வீட்டு விறாந்தையில் படம் போட்டார்கள். ஆங்கிலம் பாதிப் பேருக்கு விளங்கவில்லை, தேவைப்படவும் இல்லை. விமானங்கள் கூட்டமாகக் கிளம்பிக் கலத்தை நோக்கிப் போகும் கட்டம் வந்தது. பெடியள் எழும்பி நின்று கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அந்த இரைச்சலில் என் அம்மம்மா மெல்ல எழும்பிப் போய் முற்றத்தில் நின்று மேலே பார்த்தார். போர்க்காலத்தில் மேலே பறப்பது சகடையா பொம்மரா ஹெலியா என்று சத்தத்தை வைத்தே பிரித்தறியத் தெரிந்த ஆள் அவர். ரி.வி.யில்தான் என்று அவருக்குத் தெரியும். படம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இருந்தாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்து அதே இடத்தில் இருந்தார். ஒரே காட்சிக்கு ஒரே விறாந்தையில் இரண்டு கமரா நிலை இருந்தது என்று நான் பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

பலவீனத்துக்கு வருவோம், இந்தப் படங்களில் ஆகச் சுவையான பகுதி அதுதான். வெல்ஸின் செவ்வாய்க்காரரை எந்த மனிதரும் வெல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வென்றன. வெல்ஸ் இளமையில் உயிரியல் படித்தவர், டார்வினின் கொள்கைக்காக வாதாடிய தோமஸ் ஹக்ஸ்லியிடமே படித்தவர். செவ்வாயில் கிருமிகள் இல்லை. அதனால் வந்தவர்களின் உடலில் எதிர்ப்புச் சக்தியும் இல்லை. எங்கள் முன்னோர் இலட்சக்கணக்கான ஆண்டுகள் கிருமிகளோடு மல்லுக்கட்டி, செத்துச் செத்துச் சம்பாதித்த உரிமை அது என்பது அவருடைய வாதம். 1953 படத்திலும் அதே முடிவு. அணுகுண்டே போட்டுப் பார்க்கிறார்கள், கலங்கள் ஒரு கீறலும் இல்லாமல் புகைக்குள்ளிருந்து வெளியே வருகின்றன; கடைசியில் தாமாக விழுகின்றன. இப்போது 1996க்கு வாருங்கள். கதாநாயகர்களில் ஒருவர் விரக்தியில் குளிர்ந்த தரையில் இருக்கிறார். தடிமன் பிடிக்கப்போகிறது, எழும்பு என்கிறார் தகப்பன். தடிமன்! அந்தப் பொறியில்தான் எதிரியின் தாய்க்கப்பலுக்குள் கொம்பியூட்டர் வைரஸ் ஏற்றும் யோசனை பிறக்கிறது. வெல்ஸின் கிருமியேதான், ஆனால் இப்போது அது மனிதன் கையில் ஆயுதம். பழைய கதையில் நாங்கள் பிழைத்தது எங்கள் கெட்டித்தனத்தால் இல்லை. புதிய கதையில் முழுக்க முழுக்கக் கெட்டித்தனத்தால். இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே காட்சியில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு பலவீனம். 1996இலேயே வந்த ‘மார்ஸ் அட்டாக்ஸ்’ படத்தில் ஒரு பழைய பாட்டைக் கேட்டதும் செவ்வாய்க்காரரின் தலை வெடிக்கிறது. புதுச்சேரியின் மாஹேயில் பிறந்த எம். நைட் ஷியாமளன் 2002இல் எடுத்த ‘சைன்ஸ்’ படத்தில் தண்ணீர். முக்கால் பங்கு தண்ணீர் உள்ள கிரகத்துக்குத் தண்ணீர் ஆகாதவர்கள் ஏன் வந்தார்கள் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். படத்தின் பெரும்பகுதியில் ஒரு சோளக் காட்டு வீட்டைவிட்டு வெளியே போகாத அந்தக் கமரா எனக்குப் போதும். 2018இல் வந்த ‘எ குவைட் பிளேஸ்’ படத்தில் சத்தம் போட்டால் சாவு. பிள்ளைக்கு வாயைப் பொத்திக்கொண்டு பங்கருக்குள் இருந்த தாய்மார் எங்கள் ஊரில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து அந்தப் படத்தைப் பார்ப்பது வேறு அனுபவம்.

இனி எந்தப் பக்கமும் முழுசாகச் சேராத ஒரு படம்: 2005இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் எடுத்த ‘வோர் ஒஃப் த வேர்ல்ட்ஸ்’. டொம் குரூஸ் நடித்தது, காசு கொட்டி எடுத்தது, கோடை விடுமுறைக்கு வந்தது. எந்தக் கணக்கிலும் பிளொக்பஸ்டர். ஆனால் கமரா ஒரு துறைமுகத் தொழிலாளியையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் விட்டு விலகாது. போர் நடக்கிறது, குன்றுக்கு அந்தப் பக்கம். எங்களுக்கு வெளிச்சமும் சத்தமும் மட்டும்தான். 2001 செப்டெம்பர் நியூயோர்க் தாக்குதலுக்குப் பின் வந்த படம் என்பது அந்தத் தொழிலாளியின் முகத்தில் படிந்த சாம்பலிலேயே தெரியும். அதில் ஒரு காட்சி. சனம் மூட்டை முடிச்சோடு நடந்துபோகிறது. ரயில் கடவை மூடுகிறது, மணி அடிக்கிறது, எல்லாரும் வழக்கம்போல நிற்கிறார்கள். ரயில் வருகிறது, பெட்டிக்குப் பெட்டி தீப்பிடித்து எரிந்தபடி. முழு வேகத்தில் கடந்து போகிறது. கடவை திறக்கிறது. யாரும் கத்தவில்லை, யாரும் யாரையும் பார்க்கவில்லை. திரும்பவும் நடக்கத் தொடங்குகிறார்கள்.

இந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வெல்ஸின் நூலில் லண்டனை விட்டு அறுபது இலட்சம் சனம் வெளியேறும் பகுதி ஒன்று வரும், அதன் வம்சம் இது. போர் நெருங்கியபோது யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டதும் ஒரு ஒக்டோபர் 30தான், 1995இல். நான் அப்போது சின்னப் பிள்ளை. செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி, மழைக்குள், அடிமேல் அடி வைத்து நகர்ந்தோம். ஐயா சைக்கிளை உருட்டினார், கரியரில் தையல் மெசினின் தலைப்பாகம். எனக்கு ஞாபகம் நிற்பது அழுகைச் சத்தம் இல்லை. அவ்வளவு சனத்துக்கும் அவ்வளவு அமைதி. ஸ்பீல்பேர்க்கின் அந்தக் கடவைக் காட்சியில் இருக்கிற அமைதி அதுதான். சனம் அப்படித்தான் நடக்கும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

தமிழில் இந்த வகை குறைவு. என்றாலும் தொடக்கம் அழகானது. 1963இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’ படத்தில் வேற்றுக்கிரகத்தவர் பூமிக்கு வருவது நிலத்துக்காகவும் இல்லை, நீருக்காகவும் இல்லை. அவர்களிடம் இசை இல்லை, அதனால் நன்றாகப் பாடத் தெரிந்த ஒரு பெண்ணைத் தூக்கிப் போகிறார்கள். கதாநாயகன் அந்தக் கிரகத்துக்கே போய் மீட்கிறான். ஹொலிவூட் குண்டு போட்டுக்கொண்டிருந்த காலத்தில், எங்களிடம் களவெடுக்கத்தக்க பெரிய சொத்துப் பாட்டுத்தான் என்று தமிழ்ப் படம் நினைத்திருக்கிறது. 2024 பொங்கலுக்கு வந்த ‘அயலான்’ பிள்ளைகளோடு பார்க்கத் தோதான படம். அதில் வருகிறவன் பூமியைக் காப்பாற்ற வருகிறான். நகரங்களுக்கு மேல் அசையாமல் நிற்கும் பெருங்கப்பல்கள் என்ற காட்சியை, ‘இன்டிபென்டன்ஸ் டே’க்கு நெடுநாள் முன்பே, 1953இல் தன் நாவலில் எழுதிவிட்ட ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் கண்மூடும்வரை இங்கேயே வாழ்ந்தார் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வியை முழுசாகத் திருப்பிப்போட்ட படம் 2009இல் வந்த ‘டிஸ்ட்ரிக்ட் 9’. கப்பல் தென்னாபிரிக்காவின் ஜோகன்னஸ்பேர்க் நகருக்கு மேல் வந்து பழுதாகி நின்றுவிடுகிறது. உள்ளே பட்டினி கிடந்த உயிர்கள். அவர்களை இறக்கி, கம்பிவேலி அடித்த முகாமில் விடுகிறார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, ஓர் அதிகாரி குடிசை குடிசையாகப் போய், வேறிடத்துக்குப் போகச் சம்மதம் என்று கையெழுத்து வாங்குகிறார். கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966இல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, சனத்தைக் கிளப்பியது வரலாறு. படத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. போரில் இடம்பெயர்ந்து, நலன்புரி நிலையம் என்று பெயர் வைத்த முகாமில் படிவம் நிரப்பியவர்களுக்கு, அந்தக் குடிசை வாசலில் நீட்டப்படும் காகிதத்தைப் பார்த்தவுடன் விளங்கும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், சோடி சோடியாகப் பாருங்கள் என்பேன். 1996 படத்தையும் 1953 படத்தையும் அடுத்தடுத்த நாட்களில், அந்த வரிசையிலேயே. முதலில் கை தட்டுங்கள். கை தட்டாமல் தொடங்கினால் இரண்டாவதில் என்ன இல்லை என்பது தெரியாது. பிறகு 1956 படம், அதை இரவில், வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு. ஸ்பீல்பேர்க்கின் படத்தைக் கடைசிக்கு வையுங்கள். ஒவ்வொரு காட்சியிலும் ஒருதரம் கேளுங்கள்: இப்போது நான் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறேன்? சின்னப் பிள்ளைகள் இருந்தால் ‘எ குவைட் பிளேஸ்’, ‘டிஸ்ட்ரிக்ட் 9’ இரண்டும் இப்போதைக்கு வேண்டாம்.

மருமகன் 1953 படத்தை அன்றிரவு முழுசாகப் பார்த்தான். அணுகுண்டுக் கட்டத்தில் நிமிர்ந்து இருந்தான், மற்றபடி பேச்சில்லை. நான் லைற்றை அணைத்துவிட்டுப் படுக்கப் போகும்போது நுளம்பு வலைக்குள்ளிருந்து கேட்டான்: “மாமா, வெள்ளைக்கொடியோட போன அந்த மூண்டு பேருக்கும் வீட்டில ஆக்கள் இருந்திருப்பினம் என்ன?”